பூட்டன்ட கல்லறை கனத்தைல கிடைக்கேல்ல, வேற எங்க தேடலாம்?

வெள்ளவத்தை_மழை:
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட அம்மம்மாட அப்பா, அதாவது எனக்குப் பூட்டன், கொழும்புத் துறைமுகத்தில கிளாக்கரா இருந்தவர். கொட்டாஞ்சேனைல வாடகை வீடு, கத்தோலிக்க ஆக்கள், பேர் சந்தியாப்பிள்ளை. செத்த வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மம்மா எப்பவும் சொல்லுறது "களனி கங்கை பெருகி வெள்ளம் வந்தது, அதோட எலெக்ஷனும் வந்தது, அந்த அமளிக்கதான் அப்பா போனவர்" எண்டு. புதைச்சது கனத்தைல, மதிலோட ஒரு ஜம்பு மரம், பக்கத்தில வெள்ளைச் சிலுவை. இவ்வளவுதான் கையில இருக்கு. பேப்பர் துண்டுகள் எல்லாம் 83 கலவரத்தில வீட்டோட எரிஞ்சு போச்சு.

போன மாசம் ரெண்டு சனிக்கிழமை பொரளைக் கனத்தை மயானத்துக்குப் போனனான். அம்மாவக் கூப்பிட்டன், வரமாட்டன் எண்டுட்டா. 83 ஜூலை 24 இரவு கூட்டம் கூடினது அந்தக் கனத்தைலதானே, அதுக்குப் பிறகு அந்தச் சந்தியால பஸ்ஸில போறதெண்டாலும் அவ கண்ண மூடிக்கொண்டுதான் போவா. நான் தனியப் போய் கத்தோலிக்கப் பகுதி முழுக்க வரிசை வரிசையா நடந்து பாத்தன், மதிலோட ஜம்பு மரம் ஒண்டையும் காணேல்ல, சந்தியாப்பிள்ளையையும் காணேல்ல. அங்க புல்லு வெட்டுற ஐயா பாவம் பாத்து, நான் கேக்காமலே இங்கிலீஷ் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கிட கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்😅 நல்ல மனுசன், ஆனா நான் தேடுறது அவர இல்லையே.

அம்மம்மாக்கு இப்ப 91. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முதல் கண்டுபிடிச்சு ஒரு மெழுகுதிரி கொளுத்தோணும். எங்க இருந்து தொடங்குறது?

மருதானை_நானா:
தங்கச்சி, ஒரு விஷயம் கேளுங்க. கனத்த எண்டா சிங்களத்தில பொதுவா மயானத்துக்குச் சொல்ற சொல்லு. பொரளைல ஈக்கிறது பெருசு எண்டபடியா அதுக்கே பேரா நிண்டுட்டு. அந்தக் காலத்து ஆக்கள் "கனத்தைல அடக்கின" எண்டு சொன்னா அது பொரளையாத்தான் ஈக்கணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்ல. கொட்டாஞ்சேன வீடு எண்டா மாதம்பிட்டி மயானம் எவ்வளவு கிட்ட, ஏன் பொரளைக்குக் கொண்டு போற? நான் உங்கட இடத்தில இருந்தா முதல்ல அங்கதான் போவன்.

எங்கட முஸ்லிம் மையவாடில இந்தத் தேடலே வேற மாதிரி. தலைமாட்டில மீசான் கல்லு வச்சாலும் பேர் எழுதாத கபுறுதான் (கல்லறைதான்) கனக்க. எங்கட மூத்தப்பாட கபுறு ஜாவத்தை மையவாடில எந்த இடம் எண்டு எங்கட வாப்பாக்கு மட்டும்தான் தெரியும், அவர் வாசல்ல இருந்து காலடி எண்ணித்தான் போவார். போன நோன்புப் பெருநாளுக்கு எனக்கும் எண்ணிக் காட்டின, நான் போன்ல ஜிபிஎஸ் எடுத்து வச்சீக்கிறன்.

பழைய_பேப்பர்:
மரத்தை நம்பித் தேடாதீங்க. எழுவது எம்பது வருஷத்தில மரம் வெட்டுப்படும், மதில் இடிச்சுக் கட்டுவாங்க. முதல்ல திகதிய எடுங்க. உங்கட அம்மம்மா திகதி தெரியாது எண்டு சொன்னாலும் அவ திகதியச் சொல்லிட்டாதான். களனி கங்கை வெள்ளமும் பொதுத்தேர்தலும் ஒண்டா வந்தது 1947ல. வெள்ளம் ஆகஸ்ட், தேர்தல் ஆகஸ்ட் கடைசில தொடங்கி செப்டம்பர் 20 வரைக்கும் பல நாளா நடந்தது. அப்ப நீங்க தேடவேண்டியது ரெண்டே மாசம்.

இதோட போய் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பம் போடுங்க, மரணம் நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில. ஏன் அது முக்கியம் எண்டா எங்கட நாட்டு மரணப் பத்திரத்தில மரணத்துக்கான காரணம் எழுதுற கூட்டிலயே புதைச்ச இல்லாட்டி தகனம் செய்த இடமும் எழுதியிருக்கும். நிறையப் பேர் காரணத்தைப் பாத்துட்டு மடிச்சு வச்சிடுவாங்க, அதுக்குக் கீழ இருக்கிற அந்த ஒரு சொல்லை வாசிக்கிறேல்ல. 1947 எண்டா பதிவு இங்கிலீஷ்லயும் இருக்கலாம், அதால பேரை ஒரு எழுத்துக்கூட்டலோட மட்டும் தேடச் சொல்லாதீங்க. தகப்பன்ட பேர் முன்னுக்கு வந்து இவர்ட பேர் பின்னுக்கு வந்திருக்கும், இல்லாட்டி தலைகீழா இருக்கும். எங்களுக்குத்தான் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லையே, எழுதின கிளாக்கருக்கு எது விளங்கிச்சோ அதுதான் பேர்.

பத்திரம் கிடைக்காட்டி கொழும்பு 7ல இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்தில பழைய பத்திரிகை பாக்கலாம். வீரகேசரி 1930லயும் தினகரன் 1932லயும் தொடங்கினது, மரண அறிவித்தல் போட்டிருந்தா "இன்ன நேரம் இன்ன சேமக்காலைக்கு எடுத்துச் செல்லப்படும்" எண்டு இருக்கும். ஆனா துறைமுகக் கிளாக்கர்ட வீட்டில காசு குடுத்து அறிவித்தல் போட்டிருப்பாங்களோ எண்டது சந்தேகம்தான், அதால இத ரெண்டாவதா வச்சுக்கொள்ளுங்க.

கொச்சிக்கடை_ரீட்டா:
கத்தோலிக்க ஆக்கள் எண்டா பங்குக் கோயில் அடக்கப் புத்தகத்தை விட்டுட்டு வேற எங்கயும் ஓடாதேங்கோ பிள்ளை. கொட்டாஞ்சேனை எண்டா சாந்த லூசியா பேராலயத்தில முதல் கேளுங்கோ. போன உடன "பழைய புத்தகம் காட்டுங்கோ" எண்டு நிக்காம, திகதிய ஒரு துண்டில எழுதிக்கொண்டு, கிழமை நாளில, பூசை முடிஞ்சு கந்தோர் திறந்து ஒரு மணித்தியாலம் கழிச்சுப் போங்கோ. ஞாயிற்றுக்கிழமை போனா ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வந்த சனத்துக்க நீங்கள் நசிஞ்சு போவீங்கள்.

இன்னொண்டு, பழைய கோயில் புத்தகங்களில பேர் லத்தீனில இருக்கும். சந்தியாப்பிள்ளைய சந்தியாப்பிள்ளை எண்டு எழுதியிருக்க மாட்டினம். சந்தியாகோ எண்டா யாகப்பர்தானே, அப்ப "யாக்கோபுஸ்" எண்டு இருக்கும். சவரிமுத்து சவேரியுஸ் ஆகும், இன்னாசி இக்னாசியுஸ் ஆவார். எங்கட அப்பப்பாவ மூண்டு நாள் தேடினம், அவர் புத்தகத்தில ரோமானியச் சக்கரவர்த்தி மாதிரி ஒரு பேரோட படுத்திருந்தார். கல்லில இங்கிலீஷில வெட்டியிருந்தா ஜேம்ஸ் எண்டும் இருக்கலாம். நீங்கள் ரெண்டு சனிக்கிழமை நடந்தது சந்தியாப்பிள்ளைய மட்டும் தேடி எண்டா, பக்கத்தால போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது.

கல்லைக் கண்டா உடன தேய்க்காதேங்கோ. எங்கட மாமி ஒருத்தி பாசி போகட்டும் எண்டு பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்தி, பளிங்கில இருந்த எழுத்து பாதி கரைஞ்சு போச்சு, இப்ப "பிறப்பு" மட்டும் இருக்கு, இறப்பைக் காணேல்ல. வெறும் தண்ணியும் மெல்லிய பிரஷும் காணும், கம்பி பிரஷும் வேண்டாம். எழுத்து தெரியாட்டி பின்னேரம் அஞ்சு மணி போல போங்கோ, வெயில் சரிஞ்சு விழேக்க பள்ளத்தில நிழல் நிக்கும், தன்ர பாட்டில வாசிக்கலாம். மத்தியானம் போனா ஒண்டும் தெரியாது, தலையிடிதான் மிச்சம்.

பழைய_பேப்பர்:
ரீட்டா அக்கா சொன்னதோட ஒண்டு. புத்தகத்தில இடம் கிடைச்சாலும் கல்லறை அப்பிடியே இருக்கும் எண்டு நிச்சயம் இல்ல. காசு கட்டி வாங்கின நிலமா, இல்லாட்டி தற்காலிகக் குழியா எண்டதையும் கேளுங்க. தற்காலிகம் எண்டா அதுக்கு மேல வேற ஆக்களப் புதைச்சிருப்பாங்க. மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போங்க.

வெள்ளவத்தை_மழை:
எல்லாருக்கும் நன்றி, அஞ்சு கிழமைக்குப் பிறகு வந்து எழுதுறன். மரணப் பத்திரம் கிடைச்சிட்டு!! 1947 செப்டம்பர். காரணம் நிமோனியா, அதுக்குக் கீழ சின்ன எழுத்தில மாதம்பிட்டி. நானா, உங்களுக்கு ஒரு வட்டிலப்பம் கடன்.

கோயில் புத்தகத்திலயும் இருந்தார், ரீட்டா அன்ரி சொன்ன மாதிரியே யாக்கோபுஸ்தான். கிளாக்கர் எண்டதும் எழுதியிருந்தது, அதாலதான் இவர்தான் எண்டு பிடிச்சம். பிறகு மயானக் கந்தோரில திகதியச் சொல்லி வரிசை எடுத்தம். போன சனி பின்னேரம் அஞ்சு மணிக்கு அந்த வரிசைல நிண்டம். வெள்ளைச் சிலுவை ஒண்டு இருக்கு, ஆனா அது வேற குடும்பத்திட. அதுக்குப் பக்கத்தில மண்ணுக்க முக்கால்வாசி தாண்ட ஒரு கல், மேல் விளிம்பு மட்டும் வெளிய. தண்ணி ஊத்தித் துடைச்சா "ஜே" எண்டு ஒரு எழுத்து, பிறகு "எம்", மிச்சம் மண்ணுக்க. தோண்டேல்ல, கேட்டுத்தான் தோண்டோணும் எண்டு சொன்னாங்க, செவ்வாய்க்கிழமை கடிதம் குடுக்கிறம்.

அங்க இருந்தே அம்மம்மாக்கு வீடியோ கோல் எடுத்தன். கல்லைப் பாக்காம மதிலைக் காட்டு மதிலைக் காட்டு எண்டு நிண்டா. காட்டினன். ஜம்பு மரம் இல்ல. "அது அப்பவே பட்டுக்கொண்டுதான் நிண்டது" எண்டு சொன்னா, இத முதலே சொல்லியிருந்தா நான் ரெண்டு சனிக்கிழமை மரம் பாத்துத் திரிஞ்சிருக்க மாட்டன்.

மெழுகுதிரிக்கு கண்ணாடி மூடியோட எங்க வாங்கலாம்? கடல் கிட்ட, காத்து நிக்குதே இல்ல.

கொச்சிக்கடை_ரீட்டா:
அந்தோனியார் கோயிலடிக் கடைகளில இருக்கும் பிள்ளை. ஆனா கடைசி நேரம் நவம்பர் 1ம் திகதி போகாதேங்கோ, அண்டைக்கு ரெண்டு மடங்கு விலை.