வாசல் செடி துளிர்க்கவே இல்லை, வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார்

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். தயவுசெய்து யாராவது உடனே பதில் சொல்லுங்கள். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வாசலில் ஆளுயரத்துக்கும் மேலான செடி ஒன்று நிற்கிறது. மே மாதம் பாதி போய்விட்டது. தெருவில் மரங்களெல்லாம் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டன. எதிர்வீட்டுப் புதரில் மஞ்சள் பூ பூத்துக் கொட்டியும் முடிந்தது. இது மட்டும் விறகுக்கட்டைப் போல நிற்கிறது. பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். இதைப் பிடுங்கிவிட்டு அதே மாதிரி ஒன்றை வாங்கி நட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். முன்பணத்தைப் பிடித்துக்கொள்வாரோ, காலி செய்யச் சொல்வாரோ என்று இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

லண்டன்வாசி:
சகோதரி, கத்தரியைக் கையில் எடுக்காதீர்கள். நான் இங்கே வந்த முதல் வருடம் வாசலில் இருந்த ஹைட்ரேஞ்சியாவைக் காய்ந்துவிட்டது என்று எண்ணி மார்ச் மாதம் பாதியாக வெட்டினேன். கோடை முழுக்க இலைதான், ஒரு பூ இல்லை. அப்போது எனக்கு இரவு வேலை. காலையில் திரும்பி வரும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும் ஒரே பொருள் அந்தச் செடிதான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று அழுதிருக்கிறேன். ஆகவே ஒரு குச்சியைக்கூடத் தொடாதீர்கள்.

பனிக்கால அண்ணன்:
நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன் தங்கச்சி. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், தழைத்து வரும். என் வீட்டில் அப்படித்தான் செய்தேன். ஆனால் இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் வந்தபோது நிலவறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஜன்னலைப் பனி மூடிவிட்டால் பகலா இரவா என்று தெரியாது. பால் வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த முதல் பிப்ரவரியைத் தாண்டிய உங்களுக்கு ஒரு செடி பெரிய விஷயமே இல்லை.

மெல்பன் தோட்டம்:
எந்த நாடு, எந்த ஊர் என்றே நீங்கள் சொல்லவில்லையே? இங்கே இப்போது இலையுதிர் காலம். எங்கள் வீட்டுச் செடிகள் இப்போதுதான் இலையை உதிர்க்கின்றன. என்ன செடி என்றும் தெரியாமல் வெட்டு, வெட்டாதே என்று சொல்வது சரியில்லை.

வடமராட்சி:
செடி என்றதும் மனம் கனத்துவிட்டது. இங்கே டொரன்டோவின் ஸ்காபரோவில் ஒரு கடையில் சிவப்புச் செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி, வாங்கித் தொட்டியில் வைத்திருந்தேன். அம்மா காலையில் சாமிப் படத்துக்கு வைக்கும் அதே பூ. அக்டோபரில் ஒரு நாள் உள்ளே எடுத்துவைக்க மறந்துவிட்டேன். இரவில் உறைபனி. காலையில் பார்த்தால் இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது வீட்டுச் செடியையே மண்ணோடு கொண்டுவர ஆசைப்பட்டேன். விமான நிலையத்தில் மண்ணை விடமாட்டார்கள் என்று அண்ணா தடுத்துவிட்டார். நாம் வளர்ந்த மண்ணில் ஒரு பிடிகூட இங்கே வர முடியாது என்பது அன்றுதான் உறைத்தது.

பனிக்கால அண்ணன்:
அதை ஏன் கேட்கிறீர்கள். புதிதாக வந்தவர்களிடம் இங்கே எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இந்த நாட்டு வேலை அனுபவம் உண்டா? வீடு கேட்டாலும் அதே கதை. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

லண்டன்வாசி:
இங்கும் அப்படித்தான். காலி செய்தபோது சுவரில் ஓர் ஆணித் துளைக்கு எங்களிடம் பணம் பிடித்தார்கள்.

மல்லிகைப்பந்தல்:
மன்னியுங்கள், பதற்றத்தில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கிறோம். போன ஆகஸ்டில் குடிவந்தபோது இந்தச் செடி நிறையப் பூத்திருந்தது. வெள்ளைப் பூ, நடுவில் சிவப்பு, பார்க்கச் செம்பருத்தி மாதிரியே இருந்தது. இப்போது கிளை நுனிகளில் ஐந்தாக வெடித்த காய்ந்த காய்கள் இருக்கின்றன. வீட்டுக்கார அம்மா கொரியாவைச் சேர்ந்தவர். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் நடைபாதைக்கு உப்புத் தூவி, அள்ளிய பனியை எல்லாம் இந்தச் செடியின் அடியில்தான் குவித்தோம்.

மார்க்கம் அக்கா:
இவ்வளவையும் முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்றே தூங்கியிருப்பீர்கள், தங்கச்சி. உங்கள் செடி செத்திருக்க வாய்ப்புக் குறைவு. அது செம்பருத்தி மாதிரி இல்லை, செம்பருத்தியேதான், குளிர்நாட்டுச் செம்பருத்தி. கடைகளில் ரோஸ் ஆஃப் ஷாரன் என்று கேட்டால் தருவார்கள். தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் சிரியாக்கஸ். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சிரியாவின் பெயரை வைத்துவிட்டார், ஆனால் அதன் தாயகம் கிழக்காசியா. நம் வீட்டுச் செம்பருத்தி இதன் சகோதர இனம், உறைபனியைத் தாங்காது. வடமராட்சித் தம்பி, இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன்பே தொட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும். இதுவோ இலையை உதிர்த்துவிட்டு நம் குளிரிலேயே உறங்கும்.

உறங்குவது மட்டுமல்ல, எல்லாச் செடியும் எழுந்த பிறகுதான் எழும். எங்கள் வீட்டில் மே கடைசி வாரம் வரை மொட்டைக் குச்சிதான். ஒரு வருடம் ஜூன் பிறந்துதான் துளிர் தெரிந்தது. செத்துவிட்டது என்று எண்ணி நல்ல செடியைப் பிடுங்கி எறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். கிளையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறுங்கள். அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் அந்த இடம் காய்ந்துவிட்டது. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். நுனி காய்ந்து அடி பச்சையாக இருப்பது சாதாரணம்.

வெட்டும் விஷயத்தில் இரண்டு பேரும் தத்தம் செடிக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். லண்டன்வாசி வளர்த்தது போன வருடக் குச்சியில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா. வசந்தத்தில் வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். உங்களுடையது இந்த வருடத் துளிரில் பூப்பது. இதற்குக் கவாத்து செய்யும் காலம் குளிர்காலத்தின் கடைசி, அது தாண்டிவிட்டது. அண்ணன் சொன்னபடி முழங்காலுக்கு வெட்டினாலும் தழைக்கும்தான், ஆனால் அந்த அம்மா பல வருடம் வளர்த்த உருவம் போய்விடும். வாடகை வீட்டில் அவரைக் கேட்காமல் வெட்டவே கூடாது.

உப்புத்தான் எனக்குக் கவலை. குழாயை மெல்லத் திறந்து, தண்ணீர் ஆழமாக இறங்கும்படி இரண்டு மூன்று முறை அடிமண்ணை நனையுங்கள். உப்புக் கரைந்து கீழே போகும். உரம் இப்போது வேண்டாம். அடுத்த குளிர்காலத்தில் செடியோரம் உப்புக்குப் பதில் மணலைத் தூவுங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: மண்வெட்டியை எடுக்கும் முன் ஒண்டாரியோ ஒன் கால் சேவையைக் கூப்பிட்டு, நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்து வாங்குவது சட்டப்படி கட்டாயம். கட்டணம் இல்லை. முன்பணத்தைப் பற்றிய பயமும் வேண்டாம். நம் ஒண்டாரியோ மாகாணத்தில் அது கடைசி மாத வாடகைக்கு மட்டுமே. சேதத்துக்காகப் பிடித்துவைக்க முடியாது.

அவர் ஏன் அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார் தெரியுமா? தென்கொரியாவின் தேசிய மலர் இதுதான். முகுங்ஹ்வா என்பார்கள். அவர்களுடைய நாட்டுப்பண்ணிலேயே இந்தப் பூ வருகிறது. வடமராட்சித் தம்பிக்குச் செவ்வரத்தை எப்படியோ, அந்த அம்மாவுக்கு இது அப்படி. வேறொன்றை நட்டு மறைத்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. உப்பைப் பற்றியும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வடமராட்சி:
நன்றி அக்கா. அந்தச் செடி இங்கே வெளியிலேயே நிற்கும் என்றால் நானும் ஒன்று நடுகிறேன். வெயில் எவ்வளவு வேண்டும்?

மார்க்கம் அக்கா:
நாளுக்கு ஆறு மணி நேரமாவது. ஜூலைக் கடைசியில் பூக்கத் தொடங்கி செப்டம்பர் வரை பூக்கும். ஒரு பூ ஒரு நாள்தான், ஆனால் தினமும் புதியது வரும். விதை கொட்டி நூற்றுக்கணக்கில் முளைக்கும், அதைக் களைவது தொல்லை. டயானா என்ற வெள்ளை வகையைக் கேளுங்கள், அதில் விதை மிகக் குறைவு.

மல்லிகைப்பந்தல்:
கீறிப் பார்த்தோம். பச்சை! எட்டுக் கிளைகளில் ஆறு நுனிக்குப் பக்கத்திலேயே பச்சையாக இருக்கின்றன. நடைபாதைப் பக்கத்து இரண்டும் இடுப்பளவு வரை பழுப்பு, அதற்குக் கீழே பச்சை. வீட்டுக்கார அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அது எப்போதும் கடைசியில்தான் எழும், ஞாயிற்றுக்கிழமை கத்தரி கொண்டுவருகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டு கிளைகளை எங்கே வெட்டச் சொல்வது?

மார்க்கம் அக்கா:
இப்போது எங்கும் வேண்டாம். ஜூன் பாதி வரை விட்டுவைத்து, துளிர் எதுவரை வருகிறது என்று பார்த்து, கடைசித் துளிருக்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். அவர் வரும்போது அந்த இரண்டையும் கீறிக் காட்டுங்கள்.