இரவு நிரப்பிய தண்ணீர்த் தாங்கி விடியும்போது அரைவாசி: ஆள் கூப்பிடாமல் கண்டுபிடிக்கலாமா?

ஆரையம்பதி_அக்கா:

வணக்கம். வீட்டில் நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான். இவர் கட்டாரில். சின்ன வேலைக்கும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கு. வருகிறவர் மோட்டார்சைக்கிளை வாசலில் நிறுத்தினாலே ஒரு தொகை, சாமானுக்கு வேறு, “நாளைக்கு வாறன்” என்று சொல்லிப் போனால் அந்த நாளை எப்போது வரும் என்றும் தெரியாது. அதனால் என் கையால் ஆகக்கூடியதை நானே செய்வதாக முடிவு. இவர் விட்டுப்போன பெட்டியில் குறடு, ஸ்பனர், திருப்புளி, டெஸ்டர் எல்லாம் இருக்கு.

பிரச்சினை இதுதான். கிணற்றில் அரைக் குதிரைவலு மோட்டர், மேலே 1000 லீற்றர் தாங்கி. இரவு நிரப்பிவிட்டுப் படுத்தால் விடியும்போது பாதி இல்லை. வளவு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் ஈரம் கிடையாது. பைப் ஒன்றும் சொட்டவில்லை. 80 சொச்சம் யூனிட் வந்துகொண்டிருந்த கரண்ட் பில் இப்போது 90ஐத் தாண்டிவிட்டது.

இரண்டாவது, ஹோல் ஃபேன். ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுகிற மாதிரி. இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் அதற்குக் கீழே படுக்க முடியாது. புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

கல்லாறு_தம்பி:

அக்கா, ஈரம் இல்லை என்பதற்காக நிலத்துக்குள் போகிற பைப்பை நம்பிவிடாதீங்க. களி நிலம் என்றால் சேறாகிக் காட்டிக்கொடுக்கும். நம்ம கரைப்பக்க மணல் எவ்வளவு ஒழுகினாலும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

தோண்டுவதற்கு முதல் ஒரு இரவு இதைச் செய்து பாருங்க. தாங்கியை நிரப்பி, மோட்டரை நிறுத்தி, அடியில் வீட்டுக்கு இறங்குகிற பைப்பில் இருக்கிற கேட் வால்வைப் பூட்டுங்க. ஒரு தடியைத் தாங்கியின் அடி மட்டும் இறக்கி, நனைந்த உயரத்தில் நூல் கட்டி வையுங்க. இரவுத் தேவைக்கு இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்தால் போதும். காலையில் அதே தடியை இறக்கிப் பாருங்க.

மட்டம் குறையாமல் இருந்தால் ஒழுக்கு வீட்டுப் பக்கம். வால்வ் பூட்டியும் குறைந்திருந்தால் தாங்கியில் வெடிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குப் போகிறது. இது பலருக்குத் தெரியாது: மோட்டரில் இருந்து வருகிற பைப்பின் வாய் தாங்கிக்குள் தண்ணீருக்கு அடியில் நீட்டிக்கொண்டு இருந்து, கிணற்றுக்குள் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கிற ஃபுட் வால்வும் பழுதாகிவிட்டால், தண்ணீர் தானாகவே கீழே இழுபடும். பைப்பின் வாயை நிறைந்த மட்டத்துக்கு மேலே வருகிற மாதிரி வெட்டிவிட்டால் அது நின்றுவிடும். ஃபுட் வால்வைப் பிறகு ஆறுதலாக மாற்றலாம்.

வீட்டுப் பக்கம் என்றால் முதலில் கக்கூஸ் சிஸ்டனைப் பாருங்க. அது சத்தமில்லாமல் ஒழுகும். மூடியைத் திறந்து கேக் கலரிங் கொஞ்சம் ஊற்றுங்க, அரை மணித்தியாலம் ஒருவரும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது. கொமட்டுக்குள் கலர் வந்தால் ஆள் அகப்பட்டான்.

பில் கணக்கும் பொருந்துது. அரைக் குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. ஒழுகிப்போனதை நிரப்ப மட்டும் நாளுக்கு முக்கால் மணித்தியாலம் ஓடினால் மாதம் 12 யூனிட் போல வரும். யூனிட் 12தான், ஆனால் 90ஐத் தாண்டியவுடன் அடுத்த படி விலையல்லவா.

மருதமுனை_காக்கா:

தங்கச்சி, ஃபேனை எறிய வேண்டாம். நான் நிறைய வருஷம் கரண்ட் வேலை செய்தவன், இப்ப கண் பார்வை சரியில்லை என்று விட்டுட்டன்.

கரண்டை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றி விடுங்க. இறுகாமல், கறகறக்காமல் சுற்றினால் பெயாரிங் நல்லது. அப்ப குற்றவாளி கப்பாசிட்டர். மேலே கிண்ணம் மாதிரி மூடிக்குள், இல்லாவிட்டால் மோட்டருக்குக் கிட்ட, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பலம் குறைஞ்சு போகும். அநேகமான சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோ பரட். உங்களுடையதில் என்ன அச்சடித்திருக்கோ அதையே வாங்குங்க. வேகம் கூடட்டும் என்று பெரிசு போடுகிற ஆட்கள் இருக்கிறாங்க. காத்து வரும், கொயிலும் சேர்ந்து எரியும்.

சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நம்பி ஏணியில் ஏறக்கூடாது. பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் போட்டு வைத்திருப்பாங்க. சுவிட்ச் ஓஃப், ஆனால் ஃபேனில் கரண்ட் இருக்கும். மெயின் சுவிட்சை இறக்குங்க. இறக்குவதற்கு முதல் டெஸ்டர் எரியுதா என்று ஒரு பிளக்கில் பார்த்து, இறக்கிய பிறகு ஃபேன் வயரில் வையுங்க. கழற்ற முதல் ஃபோனில் படம் எடுத்து வைத்தால் எந்த வயர் எங்கே என்று தலையைப் பிய்க்கத் தேவையில்லை. பழைய கப்பாசிட்டரின் இரண்டு வயர் நுனியையும் பிளாஸ்டிக் பிடி உள்ள திருப்புளியால் ஒருக்கா தொடுத்து விடுங்க, உள்ளே மிச்சம் இருந்தால் போயிடும்.

அப்படியே இறக்கையையும் துடைச்சு விடுங்க. கடற்கரைப் பக்கம் உப்பும் தூசியும் சேர்ந்து விளிம்பில் பிசினாக ஒட்டியிருக்கும்.

கல்முனை_கீதா:

எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. மாரிக்கு முதல் கூரை ஒழுக்கை அடைக்க அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கு மேல் ஏறாதீங்க. பழைய சீற் ஆளோடு உடைந்து விழும், துளைத்தாலோ அறுத்தாலோ அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். அதற்கு ஆளுக்குக் காசு கொடுப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

ஆரையம்பதி_அக்கா:

தம்பி, ஆள் அகப்பட்டான்.

வால்வைப் பூட்டி வைத்த இரவு நூல் கட்டிய இடத்தில் அப்படியே தண்ணீர் நின்றது. பிறகு சிஸ்டனுக்குள் சிவப்புக் கலரிங் ஊற்றினேன். மகள் காவல் நின்றாள், தேத்தண்ணி குடித்து முடிய முதல் “அம்மா, ரோஸ் வருது” என்று கத்துகிறாள். கொமட்டின் பின்சுவரில் ஒரு மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தண்ணீர் போகும்போது கண்ணுக்கே தெரியவில்லை.

சிஸ்டனுக்குப் போகிற சின்ன வால்வைப் பூட்டி, ஃப்ளஷ் பண்ணி வெறுமையாக்கி, அடியில் மூடுகிற ரப்பரைக் கழற்றினேன். தொட்ட விரல் கரி பிடித்த மாதிரிக் கறுத்துவிட்டது. ரப்பர் உட்காருகிற பிளாஸ்டிக் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து சொரசொரப்பாக இருந்தது. வினாகிரியில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி வைத்து, ஊறிய பிறகு பழைய பல் பிரஷால் தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீரின் வேலை அது. புது ரப்பர் இன்னும் வாங்கவில்லை, அதுவரைக்கும் சின்ன வால்வைப் பூட்டி வைத்து வாளியால் ஊற்றுகிறோம். தாங்கி குறையவில்லை.

காக்கா, ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. அப்ப கப்பாசிட்டர்தான். பக்கத்து வீட்டில் ஏணி கேட்டிருக்கிறேன்.

மருதமுனை_காக்கா:

ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் நிற்கட்டும், மகளை நிற்பாட்டாதீங்க. இன்னும் ஒண்டு, டெஸ்டர் பழசு என்றால் புதுசு வாங்குங்க. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கல்லாறு_தம்பி:

கடைக்குப் போகும்போது பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோங்க அக்கா. எல்லாம் வட்டம்தான், ஆனால் விட்டம் வேறு, நடுத்துளை வேறு. வாயால் சொன்னால் கடைக்காரர் ஒன்றைத் தருவார், வீட்டுக்கு வந்து பார்த்தால் பொருந்தாது. புதிதைப் போட்டபிறகு கலரிங் இன்னொருக்கா ஊற்றிப் பாருங்க. திரும்பவும் ரோஸ் வந்தால் அந்த விளிம்பில் எங்கேயோ வெடிப்பு, அப்ப அடிப் பகுதியை முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.