ராத்திரி பத்தே முக்காலுக்கு ஆபீஸ் எங்க இருக்கு?

குழு: நம்ம வீடு

[இரவு 8:35] அம்மா: தம்பி, ரூமுக்கு வந்துட்டியா? ரெண்டு தடவை போன் பண்ணேன்.

[இரவு 10:46] நான்: எட்டு மணிக்கே வந்துட்டேன்மா. வந்ததுல இருந்து ஆபீஸ் குரூப்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு மெசேஜ். இப்பதான் நம்ம குரூப்பைத் திறக்கறேன்.

[இரவு 10:48] அக்கா: எட்டுல இருந்து இவ்வளவு நேரம் அப்படி என்னடா வேலை?

[இரவு 10:51] நான்: அதான்க்கா கடுப்பா இருக்கு. பெரிய வேலைன்னா கூட பரவாயில்ல. ஒரு ஃபைல் எங்க இருக்குன்னு ஒருத்தர் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, மாத அறிக்கைல அந்தக் கூட்டுத்தொகை சரிபார்த்தாச்சான்னு இன்னொருத்தர். எல்லாம் சேர்த்தா கால் மணி நேர வேலை கூட இருக்காது. ஆனா சாயங்காலம் மொத்தமும் போச்சு.

[இரவு 10:51] நான்: லேப்டாப்பை மூடி வெச்சாச்சு. மண்டைக்குள்ள மட்டும் ஓடிட்டே இருக்கு.

[இரவு 10:53] அப்பா: புதுசா சேர்ந்த இடத்துல அப்படித்தான் இருக்கும். எப்ப கூப்பிட்டாலும் இருப்பான்னு பேர் எடுக்கணும். அது பின்னாடி உதவும்.

[இரவு 10:54] அக்கா: அந்தப் பேரை ஒரு தடவை எடுத்துட்டா அப்புறம் கூப்பிட்டுட்டேதான் இருப்பாங்கப்பா.

[இரவு 10:55] நான்: வேலைக்கு நான் சலிச்சுக்கலப்பா. பிடிச்ச வேலைதான். தினமும் ஏதாவது புதுசா கத்துக்கறேன். எப்ப முடியுதுன்னு தெரியாததுதான் ஆளைச் சாப்பிடுது.

[இரவு 10:58] அக்கா: 2021ல உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 35-40 மணி நேரம் வேலை பார்க்கறவங்களை விட, 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ பார்க்கறவங்களுக்குப் பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால சாகற ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

[இரவு 10:59] அம்மா: படுக்கப் போற நேரத்துல சாகறது அது இதுன்னு எழுதாதடி.

[இரவு 11:00] நான்: பயப்படாதம்மா, எனக்கு 55 எல்லாம் வராது. எங்க ஆபீஸ் கணக்குப்படி நான் ஆறரைக்கே கிளம்பிட்டேன். அதுக்கப்புறம் போறதெல்லாம் எந்தக் கணக்குலயும் வராத நேரம்.

[இரவு 11:09] சித்தி: இப்பதான் ட்யூட்டி முடிச்சு வந்தேன். எல்லாத்தையும் படிச்சேன். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

[இரவு 11:17] சித்தி: எங்க வார்டுல ட்யூட்டி முடியறதுன்னா, கடிகாரத்தைப் பார்த்துப் பையை எடுத்துட்டுக் கிளம்பறது இல்ல. அடுத்து வர்ற சிஸ்டரைக் கூட்டிட்டு ஒவ்வொரு பெட்டா போவோம். இவருக்கு ஆன்டிபயாடிக் போட்டாச்சு, அடுத்த டோஸ் இத்தனை மணிக்கு. இந்த ட்ரிப் இன்னும் இவ்வளவு ஏறணும். இந்த அம்மாவோட ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரல, வந்ததும் டாக்டர்கிட்ட சொல்லணும். அவங்க எழுதிக்கிட்டு, சந்தேகம் கேட்டு, "சரி, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னாதான் எனக்கு ட்யூட்டி முடிஞ்சதா அர்த்தம்.

[இரவு 11:19] சித்தி: அதுக்கப்புறம் வார்டு ஞாபகமே வராதுன்னு சொல்ல மாட்டேன். சில பேஷண்ட் முகம் வீடு வரைக்கும் கூடவே வரும். ஆனா "அய்யோ, அந்த ட்ரிப் முடிஞ்சிருக்குமே, யார் பார்ப்பாங்க"ங்கற பதட்டம் வராது. அதைப் பார்க்க ஒரு ஆள் இருக்காங்க.

[இரவு 11:19] சித்தி: உன் வேலைல ஹேண்டோவர்னு ஒண்ணே இல்லடா. யார்கிட்டயும் ஒப்படைக்காமலே தினமும் கிளம்பி வர்ற. அதான் ஆபீஸ் உன் பின்னாடியே வருது.

[இரவு 11:22] நான்: சித்தி, நீங்க சொல்ற மாதிரி நான் யோசிச்சதே இல்ல. ஆனா எங்க டீம்ல ராத்திரிக்கு வேற ஆளே கிடையாதே. யார்கிட்ட ஒப்படைக்கறது?

[இரவு 11:25] சித்தி: நாளைக்குக் காலைல வரப்போற உன்கிட்டயே ஒப்படை. டீமுக்கும் தெரியற மாதிரி எழுது. எங்களுக்கு எஸ்பார்னு ஒரு முறை சொல்லித் தருவாங்க. இப்ப நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்யணும். அவ்வளவுதான். அமெரிக்கக் கடற்படையோட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்ல பழகிட்டு இருந்த முறை, அப்புறம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது.

[இரவு 11:31] அக்கா: அப்பா ரொம்ப நேரமா டைப் பண்ணிட்டு இருக்கார். யாரும் தூங்கப் போயிடாதீங்க.

[இரவு 11:36] அப்பா: உங்க சித்தி எழுதினதைப் படிச்சதும் ஃபேக்டரில எடுத்த சேஃப்டி கிளாஸ் ஞாபகம் வந்தது. பைப்பர் ஆல்ஃபாவைப் பத்திச் சொல்லாம அந்த கிளாஸை முடிக்கவே மாட்டாங்க. வட கடல்ல இருந்த எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6. பகல் ஷிஃப்ட்ல ஒரு பம்ப்போட பாதுகாப்பு வால்வைக் கழட்டி எடுத்துட்டு, அந்தக் குழாய் வாயைத் தகடு வெச்சு மூடியிருந்தாங்க. அந்தப் பம்ப்பை ஓட்டவே கூடாது. அந்தத் தகவல் ராத்திரி ஷிஃப்ட்காரங்களுக்குப் போய்ச் சேரல. ராத்திரி இன்னொரு பம்ப் நின்னு போச்சு, அவங்க இதை ஓட்டினாங்க. கேஸ் கசிஞ்சு வெடிச்சது. 167 பேர் போயிட்டாங்க.

[இரவு 11:40] அப்பா: அதைக் கேட்ட பிறகு லாக் புக்ல எழுதாம நான் கேட் தாண்டினது இல்ல. எந்த மெஷின் நிக்குது, எந்த பேரிங் சூடாகுது, எதுல சத்தம் வித்தியாசமா வருது, எல்லாம் எழுதுவேன். எழுதி வெச்சுட்டு வந்தாலும் பத்தாது. அடுத்த ஷிஃப்ட் ஆளைப் பக்கத்துல நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டுவேன்.

[இரவு 11:42] அக்கா: அதனாலதான்பா சாயங்காலம் நீங்க முழுசா எங்களுக்குக் கிடைச்சீங்க. கணக்குப் பாடம் சொல்லித் தரும்போது ஒரு நாள் கூட உங்க கவனம் வேற எங்கயும் போய் நான் பார்த்தது இல்ல.

[இரவு 11:44] அப்பா: அப்ப கையில போன் கிடையாது, அதுவும் ஒரு காரணம். ஆனா லாக் புக் பெரிய காரணம். தம்பி, நீயும் ஒண்ணு எழுது. மேனேஜர்கிட்ட நேர்ல பேசு, சண்டைக்குப் போற மாதிரி போகாத. கிளம்பும்போது எது முடிஞ்சது, எது பாக்கின்னு எழுதி அனுப்பறேன். ராத்திரி நிஜமாவே அவசரம்னா போன் பண்ணுங்க, எடுப்பேன். மத்த மெசேஜை எல்லாம் காலைல பார்க்கறேன். இப்படிச் சொல்லு.

[இரவு 11:52] நான்: இன்னைக்குக் கிளம்பும்போது எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எழுதிப் பார்த்தேன்:

"முடிஞ்சது: மாத அறிக்கை. கூட்டுத்தொகையை மூல ஃபைலோட ஒப்பிட்டுப் பார்த்தாச்சு, சரியா இருக்கு.
ஃபைல் இருக்கற இடம்: டீம் ஃபோல்டர்ல இந்த மாசத்துப் பேர்ல.
பாக்கி: கடைசிப் பக்கத்து வரைபடம். அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு விவரம் வரணும், கேட்டிருக்கேன்.
காலைல முதல் வேலை: அந்த விவரம் வந்திருந்தா வரைபடம். வரலைன்னா நேர்ல போய்க் கேட்கணும்."

[இரவு 11:53] அக்கா: டேய், ராத்திரி வந்த ரெண்டு கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு பாரு!

[இரவு 11:54] நான்: ஆமாக்கா. எழுதி முடிச்சதும் எனக்கே கண்ணுல பட்டது அதுதான்.

[இரவு 11:57] அக்கா: இன்னொண்ணு சொல்றேன். பெய்லர் பல்கலைக்கழகத்துல 18ல இருந்து 30 வயசுக்குள்ள 57 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. 2018ல வெளிவந்தது. படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், பாதிப் பேர் இனி செய்ய வேண்டியதை எழுதினாங்க, மீதிப் பேர் செஞ்சு முடிச்சதை எழுதினாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்களுக்குத்தான் சீக்கிரம் தூக்கம் வந்தது. ரொம்ப விவரமா எழுதினவங்க இன்னும் சீக்கிரம் தூங்கினாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா உன் வயசுப் பசங்க.

[இரவு 11:58] அம்மா: நல்லதா ஒண்ணு போட்டியே இப்பவாவது. எல்லாரும் படுங்க. மணி என்ன ஆச்சு பாருங்க.

[இரவு 11:59] அக்கா: படுக்கறேன்மா. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உன் ட்யூட்டி எப்ப முடியுது?

[நள்ளிரவு 12:00] அம்மா: எனக்கென்ன ட்யூட்டி. வீட்லதானே இருக்கேன்.

[நள்ளிரவு 12:02] அக்கா: விளையாட்டுக்குக் கேட்கலம்மா. பாட்டியோட மாத்திரை எது எப்பன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? அப்பா, உங்களுக்குத் தெரியுமா?

[நள்ளிரவு 12:03] அப்பா: காலைல ரெண்டு. ராத்திரி ஒண்ணு.

[நள்ளிரவு 12:03] அம்மா: காலைல மூணுங்க. அதுல ஒண்ணு வெறும் வயித்துல.

[நள்ளிரவு 12:06] அக்கா: போன தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப, தங்கச் சொல்லி எவ்வளவு கெஞ்சினேன்! "அத்தைக்கு ராத்திரி மாத்திரை கொடுக்கணும்"னு அன்னைக்கே கிளம்பிட்ட. எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துடுச்சும்மா. உன்கிட்ட சொல்லல.

[நள்ளிரவு 12:09] அம்மா: எனக்கும் தங்கணும்னுதான் இருந்தது. குழந்தை வேற புடவையைப் பிடிச்சுக்கிட்டு விடல. ஆனா ஒருத்தருக்கு உக்காத்தி வெச்சு விளக்கறதை விட நானே கொடுத்துடலாம்னு தோணும். அப்படியே பழகிப் போச்சு.

[நள்ளிரவு 12:11] சித்தி: அக்கா, உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்துட்டா என்ன ஆகும்? உனக்கு ஓய்வு வேணும்னு மட்டும் சொல்லல. விவரம் ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருந்தா அத்தைக்கே ஆபத்து.

[நள்ளிரவு 12:13] நான்: சிலிண்டர் எப்ப புக் பண்ணணும், கரண்ட் பில், பாட்டியோட அடுத்த செக்கப், அக்கா குழந்தையோட தடுப்பூசித் தேதி, நான் எப்ப ஊருக்கு வர்றேன்... எல்லாமே அம்மா தலையிலதான் இருக்கு. எனக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு.

[நள்ளிரவு 12:15] அப்பா: காலைல ஒரு நோட்டு போடறேன். இப்ப எல்லாரும் தூங்குங்க.

[காலை 7:05] அப்பா: (படம்) நோட்டு போட்டாச்சு. முதல் பக்கம் பாட்டியோட மாத்திரை. தைராய்டு, பிரஷர், கால்சியம் மூணும் காலைல. கொழுப்பு மாத்திரை ராத்திரி.

[காலை 7:08] அம்மா: இல்லைங்க. காலைல கொடுக்கற மூணாவது மாத்திரை சுகருக்கு, சாப்பிட்டதும் கொடுக்கணும். கால்சியம் மத்தியானம். நேத்து அதைச் சொல்ல விட்டுப் போச்சு.

[காலை 7:10] சித்தி: அத்தான், இது ரொம்ப முக்கியம். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துக் கொடுத்தா தைராய்டு மருந்து உடம்புல சரியா ஏறாது. நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல கொடுத்துட்டு, அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் சாப்பாடு.

[காலை 7:12] அப்பா: நான் கொடுத்திருந்தா மூணையும் சேர்த்து ஒரே வாயில கொடுத்திருப்பேன்.

[காலை 7:13] அம்மா: டாக்டர் சொன்னதுல இருந்து மத்தியானம்தான் தர்றேன். யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

[காலை 7:16] சித்தி: ஒவ்வொரு மாத்திரைக்கும் பேர், எத்தனை மில்லிகிராம், எதுக்கு, எப்ப, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, இவ்வளவும் எழுதுங்க. டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதுங்க, ஞாபகத்துல எழுத வேண்டாம். பக்கத்துல தேதி போட்டு, கொடுத்தவங்க கையெழுத்துக்கு ஒரு கட்டம். அது இல்லைன்னா நீங்க கொடுத்தது தெரியாம எங்க அக்காவும் கொடுத்துடுவா.

[காலை 7:17] அப்பா: சரி. சீட்டை எடுத்துட்டு வந்து திரும்ப எழுதறேன்.

[மாலை 6:41] நான்: மேனேஜர்கிட்ட பேசிட்டேன். கிளம்பும்போது எழுதி அனுப்பற ஏற்பாடு அவருக்குப் பிடிச்சிருக்கு. மாசக் கடைசி வாரம் மட்டும் ராத்திரி மெசேஜையும் பார்க்கணும்னார். அது நியாயம்தான், சரின்னுட்டேன். இன்னைக்கு லாக் புக் அனுப்பியாச்சு. ஆபீஸ் குரூப் நோட்டிபிகேஷனைக் காலை வரைக்கும் அணைச்சு வெச்சிருக்கேன்.

[மாலை 6:44] அப்பா: ரொம்ப சந்தோஷம்பா. அவர் சொன்ன அந்த ஒரு வாரத்துல மட்டும் தவறாம இரு.

[மாலை 6:50] அம்மா: இன்னைக்கு மத்தியான மாத்திரையை அப்பாதான் கொடுத்தார். நான் பக்கத்துல நின்னேன், வாயைத் திறக்கல. சரியா கொடுத்தார்.

[மாலை 6:52] அக்கா: அப்ப எங்க வீட்டுக்கு எப்பம்மா வர்ற?

[மாலை 6:58] அம்மா: அடுத்த வெள்ளிக்கிழமை வரவா? திங்கக்கிழமை வரைக்கும் இருக்கேன்.

[மாலை 6:58] அக்கா: வாம்மா!! குழந்தைகிட்ட இப்பவே சொல்லிடறேன்.

[மாலை 7:01] அப்பா: போயிட்டு வா. அதுக்குள்ள சுகர் மிஷின்ல பார்க்கறதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்துடு. ஊசி எங்க குத்தணும்னு எனக்குத் தெரியல.

[மாலை 7:03] சித்தி: விரல் நடுவுல குத்தாதீங்க அத்தான், ஓரத்துல குத்துங்க, வலி கம்மியா இருக்கும். குத்தறதுக்கு முன்னாடி அத்தை கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லா துடைச்சுடுங்க. விரல்ல இனிப்பு ஒட்டியிருந்தா அளவு ஏத்திக் காட்டும்.

[மாலை 7:04] அப்பா: ரெண்டாவது பக்கத்துல எழுதிக்கிட்டேன்.