டியூஎஸ்பி211 இருந்த இடத்தில் டியூஎஸ்பி216: பழைய மின்தடைகளை அப்படியே விடலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஹோஸ்ட் போர்டிலிருந்து (யூஎஸ்பி இணைப்பை நடத்தும் பக்கம்) முன்பக்க யூஎஸ்பி 2.0 சாக்கெட் வரை நீளமான கேபிள் செல்வதால், ஹோஸ்ட் போர்டில் யூஎஸ்பி அலையை வலுப்படுத்தும் டியூஎஸ்பி211 சில்லைப் பொருத்தியிருந்தோம். இப்போது மாதிரி போர்டு ஒன்றில் அதே 3.3 வோல்ட் மின்வழங்கலில், சுற்றியுள்ள மின்தடைகளை மாற்றாமல், டியூஎஸ்பி216 சில்லை வைத்துப் பார்த்தோம். பென் டிரைவ் உடனே இணைகிறது. ஆனால் கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து, மீண்டும் இணைகிறது. சில்லைத்தான் சந்தேகிக்க வேண்டுமா?

மறுமொழி 1:
மின்வழங்கலில் சிக்கல் இருக்காது. 216 சில்லு 2.3 முதல் 6.5 வோல்ட் வரை ஏற்கும். பூஸ்ட் அளவைத் (சில்லு அலையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை) தீர்மானிக்கும் மின்தடையைத்தான் முதலில் பாருங்கள். ஒரு சில்லுக்குத் தேர்ந்த மதிப்பு இன்னொன்றில் அதே பூஸ்டைத் தரும் என்று கொள்ள முடியாது. புதிய சில்லின் டேட்டாஷீட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து, ஒவ்வொரு பின்னையும் ஒப்பிட்டு, மதிப்புகளைப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி 2:
நீங்கள் சொல்லும் அறிகுறி பூஸ்ட் மிகுதியையே காட்டுகிறது. யூஎஸ்பி 2.0-இன் அதிவேக நிலையான ஹை ஸ்பீடில் ஹோஸ்ட் அனுப்பும் 17.78 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், இரு முனைகளிலும் உள்ள 45 ஓம் மின்தடைகள் சேர்ந்த 22.5 ஓமில் சுமார் 400 மில்லிவோல்ட்டைத் தருகிறது. சாதனத்தைக் கழற்றினால் ஹோஸ்டின் 45 ஓம் மட்டுமே எஞ்சுவதால் அது இரட்டிப்பாகும். 525 முதல் 625 மில்லிவோல்ட்டுக்குள் அமைந்த ஒரு வரம்பை அலை தாண்டுகிறதா என்று 125 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை பார்த்துத்தான், சாதனம் கழன்றுவிட்டதாக ஹோஸ்ட் முடிவு செய்கிறது. ஹோஸ்டின் அருகிலுள்ள சில்லு அலையை அளவுக்கு மீறி உயர்த்தினால், பென் டிரைவ் இருந்தும் இல்லாததாகவே ஹோஸ்ட் கருதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பூஸ்டைக் குறைத்தால் கேபிளின் மறுமுனையில் அலை போதாமல் போகாதா?

மறுமொழி 2:
அதை அளந்தே முடிவு செய்ய வேண்டும். இந்தச் சில்லுகள் டேட்டா கம்பிகளை இடைமறிப்பதில்லை, பக்கவாட்டில்தான் இணைகின்றன. ஆகவே சில்லை எடுத்துவிட்டு, டெஸ்ட் பாக்கெட் முறையில் (சோதனைக்கான தரவை ஹோஸ்ட் திரும்பத் திரும்ப அனுப்பும் முறை) சாக்கெட் முனையில் ஐ டயகிராம் எடுங்கள்; அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் அந்தப் படத்தின் நடுவே கண் போன்ற இடைவெளி திறந்திருந்தால் அலை தெளிவாக இருக்கிறது என்று பொருள். பிறகு சில்லைப் பொருத்தி, மிகக் குறைந்த பூஸ்டிலிருந்து ஒவ்வொரு படியாக உயர்த்துங்கள். கண் திறந்த முதல் படியிலேயே நிறுத்திக்கொண்டு, நீளமான கேபிள், குட்டையான கேபிள் இரண்டிலும் நீண்ட நேரம் கோப்புகளை நகலெடுத்துச் சோதியுங்கள்.