மறு: மறு: பைகேட்ச்சுக்கு உடன்பிடிப்பு சரியா வருமா

எல்லாருக்கும் வணக்கம். பைகேட்ச்சுக்கு, அதாவது தேடிப் போன மீனோட சேந்து தேடாததும் வலைல வர்றதுக்கு, தமிழ்ல என்ன சொல்லு வைக்கலாம்னு நாம பேசிட்டிருக்கிறதுக்கு என் பதில் இது.

ஐயா போன மடல்ல எழுதுனது:
> பைகேட்ச் = உடன்பிடிப்பு. சுருக்கமா இருக்கு, இதையே வச்சுக்கலாம்.

ஐயா கோவிச்சுக்காதீங்க, இந்தச் சொல்ல கரைக்கு எடுத்துட்டுப் போயி முழிச்சவன் நான். எம்.எஸ்சி இயற்கை வள மேலாண்மை ரெண்டாம் வருசம், ப்ராஜெக்ட்டுக்காக பாம்பன் தெற்குவாடில கேள்விப் படிவத்த வச்சுக்கிட்டு உக்காந்தேன், மூணாவது கேள்வி "உங்கள் உடன்பிடிப்பு எவ்வளவு?". முதல் ஆளு என்ன ஏற இறங்கப் பாத்துட்டு "நாலு பேரு தம்பி, மச்சானும் சேத்து, போட்டு இன்னும் அங்கதான் நிக்குது"ன்னாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல, அப்புறந்தான் உறைச்சுது. இந்தக் கரைல பிடிப்புன்னா இலங்கை நேவி பிடிக்கிறது, உடன்பிடிப்புன்னா கூட மாட்டுன ஆளுங்க. படிவத்த மடிச்சு வச்சுட்டு அவரு கதையக் கேட்டுட்டு வந்தேன்.

இந்த மடல்கள்ல அக்கா ஒருத்தங்க சங்காயம்னே வைக்கலாம்னாங்க. கரைல புழங்குற சொல்லுதான், ஆனா அது வேற சாமான். விசைப்படகு மடிய (இழுவலைய) அவுத்துக் கொட்டி, எறாலு, கணவா, நல்ல மீனு எல்லாம் பிரிச்ச பிறகு மிஞ்சுறதுதான் சங்காயம், மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போறது. ஒருநாள் ஒரு கிலோ வாங்கி சாக்குல பரப்பிப் பாத்தேன். பேத்தை, நகக்கண்ணு அளவு நண்டு, விரல் நீளம்கூட இல்லாத விளைமீன் குஞ்சு, நடுவுல ஒரு கடல்குதிரை தாழை (கடல்புல்லு) இலை ஒன்ன வால்ல சுத்திப் பிடிச்ச வாக்குல செத்துக் கெடந்துச்சு. அந்த விளைமீன் குஞ்சு வளந்திருந்தா அதே போட்டுக்காரரு தேடிப் போற மீனுதான்! இன்னொரு பக்கம், மீன் வலைல பெரிய நண்டு ஏறுனா அது பைகேட்ச்தான், ஆனா கம்பெனிக்காரன் நல்ல விலைக்கு எடுத்துக்கிறான், அத யாரும் சங்காயம்னு சொல்ல மாட்டாங்க. ஆமையும் ஆவுளியாவும் (கடல்பசு) மாட்டுனா அதுவும் சங்காயம் இல்ல.

கடல் அட்டைய எடுத்துக்கங்க. ஒரு காலத்துல முங்கி எடுத்து வித்த பொருளு, 2001ல வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைக்குப் போயிருச்சு. இப்ப வலைல வந்தா திருப்பிக் கடல்லதான் விடணும். அட்டை அதேதான், கணக்குதான் மாறிருச்சு. அதனால சொல்லுக்குள்ள மதிப்பு இருக்கக் கூடாது, நாம தேடாதது எப்படி வந்துச்சுங்கறது மட்டும் இருந்தாப் போதும்.

அதுக்கு நம்மாளுங்க கிட்டயே வேர் இருக்கு, மீன்பாடு. "இன்னைக்குப் பாடு எப்படி?", "நண்டு நல்லாப் பட்டுச்சு". பிடிக்கிறதுன்னு இல்லாம படுறதுன்னு சொல்ற பேச்சு. முதல்ல உடன்பாடுன்னு எழுதிப் பாத்தேன், நானே சிரிச்சுட்டேன், ராமேஸ்வரத்துல உடன்பாடுன்னா 1974 கச்சத்தீவு தவிர வேற எதுவும் ஞாபகம் வராது. புறப்பாடுன்னா போட்டு கெளம்பிருச்சுன்னு அர்த்தம். கடைசியா நின்னது சேர்பாடு.

இதுல ஒரு குடும்பமே கட்டலாம். தேடிப் போனது குறிபாடு, கூட வந்தது சேர்பாடு, அதுல கடல்லயே வீசுறது எறிபாடு. டிஸ்கார்டுக்கும் (அதான் எறிபாடு) பைகேட்ச்சுக்கும் ஒரே சொல்லு போட்டா என்ன ஆகும்னா, எஃப்ஏஓ (ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பு) 1994ல உலகத்துல கடல்ல வீசுறது வருசத்துக்கு 2.7 கோடி டன்னுச்சு, 2005ல 73 லட்சம் டன்னுச்சு, கணக்குப் போட்ட முறை வேறங்கறதால ரெண்டையும் நேரா ஒப்பிடக்கூடாது. ரெண்டுமே எறிபாட்டுக் கணக்கு, ஆனா கிளாஸ்ல ஒரு நோட்ஸ்ல அத பைகேட்ச் குறைஞ்சிருச்சுன்னு எழுதிருந்தாங்க, நானும் அப்படியே பரிட்சைல எழுதி மார்க் வாங்குனேன் (வெக்கம்தான்). கரைக்கு வந்து மீன்மாவுக்குப் போற சங்காயம் எறிபாட்டுல சேராதுங்கறது எனக்கு அப்பத் தெரியாது.

ஈழத்து அண்ணன் கேட்டது:
> எங்கட பக்கம் பாடு எண்டா கரைவலை இழுக்கிற இடம். குழம்பாதோ?

அண்ணே, நியாயமான கேள்வி. ஆனா அங்க கரைவலைப்பாடுன்னு இடத்தச் சொல்ற மாதிரி, இங்க சேர்-ங்கற ஒட்டு நிகழ்வச் சொல்லிருது. "பாடுன்னா கஷ்டம்ல"ன்னு இன்னொருத்தர் எழுதிருந்தாரு. நாட்டுப்படகுக்காரங்க கிட்ட கேட்டுப் பாருங்க, ரெண்டும் ஒன்னுதாம்பாங்க.

வினையா எழுதும்போது "சேர்ந்து பட்டது"ன்னே பிரிச்சு எழுதிக்கலாம், சேர்பட்டதுன்னு ஒட்டுனா எனக்கே நாக்கு சுளுக்குது. வலைல வைக்கிற கருவிக்கு சேர்பாடு குறைப்பி. ஆமைக்கு மட்டும் ஆமை விலக்கின்னு ஏற்கெனவே இருக்கு, அதக் கலைக்க வேணாம்.

சித்தப்பா கிட்ட சொல்லிப் பாத்தேன், வலைக்கு மால் போட்டுக்கிட்டே "சேந்து பட்டதா? இதச் சொல்லவா ரெண்டு வருசம் படிக்கிற?"ன்னாரு. பாஸ்னு எடுத்துக்கிட்டேன்.

புதுப் படிவத்துல சேர்பாடுன்னு அடிச்சு வச்சுட்டேன், இன்னும் ஜெராக்ஸ் எடுக்கல. மாத்தணும்னா வெள்ளிக்குள்ள சொல்லுங்க, சனிக்கிழமை போட்டு கெளம்புது, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நான் கரைல நிக்கணும்.