எங்கட குடும்பம் 🌴 (வெள்ளிக்கிழமை சூம் கூட்டம்)

வதனி: வாற வெள்ளி தீவு நாட்டுப் பெண் உறுப்பினர்மாரோட சூம் கூட்டம். மாலைதீவு, சமோவா, பார்படோஸ் ஆக்கள் வருவினம். பிரதேச சபைப் பக்கம் நான் 5 நிமிசம் கதைக்கோணும். அவையிட்ட என்ன கேக்கலாம்?

கலா மாமி: வாழ்த்துக்கள் பிள்ளை 🌺🌺

தயா சித்தப்பா: எத்தினை மணிக்கு

வதனி: காலமை 6.30

தயா சித்தப்பா: ஆர் உந்த நேரத்தில கூட்டம் வைக்கிறது

சிவம் மாமா: காரணம் இருக்கு தயா. எங்கட 6.30 எண்டால் மாலைதீவில 6, சமோவாவில பின்னேரம் 2, பார்படோஸில முதல் நாள் இரவு 9. எங்கட பின்னேரம் 4க்கு வைச்சால் சமோவாவில இரவு 11.30. வதனி, பார்படோஸ் அழைப்பில வியாழன் எண்டு போடச்சொல்லு. வெள்ளி இரவு எண்டு நினைச்சால் கூட்டம் முடிஞ்ச பிறகுதான் வருவினம்.

ராசாத்தி பெரியம்மா: வெள்ளி கோயில் ஸ்பீக்கர் 6க்கே துவங்கீடும். மைக்கை மூடி வை

அகிலன்: உலகத்தின்ர முதல் பெண் பிரதமரே எங்கட இலங்கை, 1960. நாங்கள் ஏன் கேக்கோணும் 😎

சிவம் மாமா: தம்பி, 2018க்கு முதல் எங்கட உள்ளூராட்சியில நூற்றுக்கு 2 பெண்கூட இல்லை.

அகிலன்: சரி சரி

சிவம் மாமா: வதனி, முதல்ல சமோவா. 2013இல யாப்பைத் திருத்தி, பாராளுமன்றத்தில பத்து வீதம், அதாவது 49 பேரில 5 பெண்கள் கட்டாயம் எண்டு வைச்சவை. அவ்வளவு பேர் வெல்லாட்டி, தோத்த பெண்களுக்குள்ள கூட வாக்குவீதம் எடுத்தவைக்கு மேலதிக ஆசனம். 2021இல ஆசனம் 51. பத்து வீதம் 5.1. வெண்ட பெண்கள் 5 பேர். ரெண்டு கட்சியும் 25க்கு 25, ஒராள் சுயேச்சை. தேர்தல் ஆணையாளர் ஆறாவது பெண்ணை ஒரு கட்சிப் பக்கம் சேர்த்தார், வழக்குக்குப் போச்சு. பாராளுமன்றக் கதவைப் பூட்டிப்போட்டினம். மற்றக் கட்சித் தலைவி பியாமே நவோமி மாதாஃபா மே 24 வெளியில கூடாரத்துக்குள்ள பிரதமராப் பதவி ஏற்றவ. மேன்முறையீட்டு மன்றம் சொன்னது, 6 தான், ஆனால் வழக்குகளும் இடைத்தேர்தலும் முடிஞ்ச பிறகுதான் கணக்குப் பாக்கலாம் எண்டு.

தயா சித்தப்பா: 0.1க்கு இவ்வளவு அமளியோ

கலா மாமி: ரெண்டு அங்குல வேலிக்கு எட்டு வருசம் கதைக்காமல் இருந்த ஆக்கள் கேக்கிற கேள்வி 🙂

தயா சித்தப்பா: அது வேற

ராசாத்தி பெரியம்மா: வேட்புமனுவில கையெழுத்து வைக்க விடாமல் நிண்டவரும் உவர்தான்

தயா சித்தப்பா: நான் கட்சியைத்தான் வேண்டாம் எண்டனான். பிள்ளையை இல்லை

வதனி: ஐயோ விடுங்கோ. மாமா, மாலைதீவு?

சிவம் மாமா: அவையிட்டத்தான் நீ கூடக் கேக்கோணும். 2019 திருத்தத்தால உள்ளூர்ச் சபை ஆசனங்களில மூண்டில ஒண்டுக்குப் பெண்கள் மட்டும் போட்டி, 2021 தேர்தலில இருந்து. சனம் நேர வாக்குப் போடும். எங்கட முறை 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். வட்டார மனுவில பெண்கள் 10 வீதம், மேலதிகப் பட்டியலில பாதி. அதால பெண்களில கனபேர் பட்டியலால வருகினம், கையில வட்டாரம் இல்லை. றோட்டுக்குக் கொங்கிறீற் கேக்கிற சனம் வட்டார உறுப்பினரிட்டப் போகும், உன்னட்ட ஏன் வரும்? இன்னொரு ஓட்டையும் இருக்கு. 20 வீதத்துக்குக் குறைய வாக்கும் 3க்குக் குறைய உறுப்பினரும் எடுத்த கட்சிக்குப் பெண்ணைப் போடுற கட்டாயம் இல்லை. சின்னக் கட்சிகள் கூடின சபையில பெண்கள் 25 வீதம் எண்ட சட்ட இலக்கு எட்டாது.

வதனி: இது நல்ல விசயம் 👍

சிவம் மாமா: இன்னொண்டும் கேள். கீழ மூண்டில ஒண்டு வந்தும், 2024இல அவையின்ர பாராளுமன்றமான மஜ்லிஸில 93 பேரில பெண்கள் 3 பேர்தான். ஏன் மேல ஏறேல்லை?

அகிலன்: பார்படோஸ்?

சிவம் மாமா: அங்க ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. மியா மொட்லி 2018இல பாராளுமன்றத்தில 30க்கு 30 ஆசனமும் எடுத்துப் பிரதமர் ஆனவ. பிறகு அவவின்ர ஆளொருத்தரே மாறி எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர்.

தயா சித்தப்பா: 😂😂 அதுதான் அரசியல்

சிவம் மாமா: எழுதினதைப் புதன் இரவுக்குள்ள மொழிபெயர்க்கிற ஆளுக்கு அனுப்பு. 5 நிமிசத்தில பாதி மொழிபெயர்ப்புக்குப் போயிடும். ரெண்டரை நிமிசத்துக்கு எழுது.

கலா மாமி: ஞாயிறு திவசத்துக்கு வாழையிலை ஆர் எடுக்கிறது?

ராசாத்தி பெரியம்மா: போன முறை மாதிரிக் கிழிஞ்ச இலை வேண்டாம்

தயா சித்தப்பா: வதனி இங்க வா, பைபர் இருக்கு. கறன்ற் போனாலும் பற்றறி இருக்கு

ராசாத்தி பெரியம்மா: முதல்ல நாயைக் கட்டு

சிவம் மாமா: இங்கயும் வரலாம்

வதனி: எங்க எண்டு வியாழன் சொல்லுறன்

கலா மாமி: இலை??