எம்பிஏ இன்ஃபோ செஷனுக்குப் போறதால நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?

நீலக்குயில்:
எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், அடுத்த வருஷம் எம்பிஏ சேரணும்னு முடிவு பண்ணி ஜிமேட் நுழைவுத் தேர்வும் எழுதியாச்சு. நாலு ஸ்கூல் எடுத்து வச்சிருக்கேன், ரெண்டு இடத்துல ஒரு வருஷ கோர்ஸ், மத்த ரெண்டுல ரெண்டு வருஷம். நாலு வெப்சைட்டையும் மாத்தி மாத்திப் படிச்சா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, லீடர்ஷிப், நெட்வொர்க், குளோபல் எக்ஸ்போஷர், சிரிச்ச முகமா நாலு பேர் ஃபோட்டோ. ரேங்கிங் பாத்தா ஒரு லிஸ்ட்ல மேல இருக்குறது இன்னொரு லிஸ்ட்ல எங்கயோ கீழ கிடக்கு. தினமும் இன்ஃபோ செஷனுக்கு வாங்கன்னு மெயில் வருது. ஒண்ணுல உக்காந்து பாத்தேன், ஒரு மணி நேரத்துல நாப்பது நிமிஷம் ஸ்லைடுதான் ஓடுச்சு, வெப்சைட்ல இருக்குறத அப்படியே படிச்சாங்க. வேலைக்கு நடுவுல நேரம் ஒதுக்கிப் போற அளவுக்கு இதுல ஏதாவது இருக்கா? போய்ட்டு வந்து முடிவு மாறினவங்க இருந்தா சொல்லுங்க, என்ன கேக்கணும்னும் சொல்லுங்க. சேத்து வச்ச காசு பூரா இதுலதான் போகப்போகுது, தப்பான இடத்துல சேந்துட்டா திரும்பி வர வழி இல்ல, அதான் பயமா இருக்கு.

கடைசிபெஞ்ச்:
போங்க சிஸ்டர், கண்டிப்பா போங்க. எனக்கு முடிவே மாறிப்போச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நான் ஒரு வருஷ கோர்ஸ்தான்னு உறுதியா இருந்தேன், ஒரு வருஷ சம்பளம் மிச்சம்ல, அந்தக் கணக்கு. அந்த மாதிரி ஒரு ஸ்கூலோட ஆன்லைன் செஷன்ல ஸ்லைடெல்லாம் முடிஞ்சு அட்மிஷன் ஆபீசர் நன்றி சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க, பாதிப் பேர் வெளிய போயாச்சு, அங்க படிக்கிற ஒரு பையன் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் இருக்கேன் கேளுங்கன்னு உக்காந்திருந்தார். நான் என் கதைய சொன்னேன், ஃபேக்டரி ஆபரேஷன்ஸ்ல இருக்கேன், கன்சல்டிங் போகணும்னு. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "துறையும் மாறணும், பாக்குற வேலையும் மாறணும்னா இங்க இன்டர்ன்ஷிப் இல்லாம நேரா ஃபைனல் இன்டர்வியூல போய் நிக்கணும், நானே இப்ப அதுலதான் கஷ்டப்படுறேன், யோசிச்சுக்கோங்க"ன்னார். தன் ஸ்கூலப் பத்தியே ஒருத்தர் அப்படி நேர்மையா பேசுவார்னு நான் எதிர்பாக்கல. ரெண்டு வருஷ கோர்ஸ்ல நடுவுல வர்ற சம்மர் இன்டர்ன்ஷிப்லதான் கம்பெனி உங்கள வேலை வாங்கிப் பாக்கும், துறை மாறுறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. ஒரே ஸ்கூலுக்குள்ளயே கூட வித்தியாசம் உண்டு, இன்சியாட்னு ஃபிரான்ஸ்ல இருக்குற ஸ்கூல்ல 10 மாசப் படிப்பு, அதுல ஜனவரி பேட்ச்சுக்கு இன்டர்ன்ஷிப் பண்ண இடைவெளி இருக்கு, இலையுதிர்காலத்துல சேர்ற பேட்ச்சுக்கு இல்ல. வெப்சைட்லயும் இருக்குற தகவல்தான், ஆனா நமக்கு எது முக்கியம்னு தெரியாதப்ப கண்ணுல படாது.

இன்னொண்ணு ப்ளேஸ்மென்ட் சதவீதம். 95 சதவீதம்னு போட்டிருந்தா எத்தனை பேர்ல 95னு கேளுங்க. கிளாஸ்ல 100 பேர்னு வைங்க, கம்பெனி காசுல படிக்க வந்தவங்க, சொந்தத் தொழில் தொடங்குறவங்கன்னு 20 பேரக் கழிச்சுட்டு வேலை தேடுன 80 பேர்ல 76 பேருக்குக் கிடைச்சாலும் அது 95 சதவீதம்தான். அது பொய் இல்ல, ரிப்போர்ட் போடுற முறையே அப்படித்தான், வழக்கமா படிப்பு முடிஞ்சு மூணு மாசத்துக்குள்ள வந்த ஆஃபரத்தான் எண்ணுவாங்க. சம்பளமும் சொன்னவங்களோடது மட்டும்தான் கணக்குல வரும். "என்னை மாதிரி டெஸ்டிங்ல இருந்து வந்தவங்க போன வருஷம் எத்தனை பேர், அவங்க எங்க போனாங்க"ன்னு கேட்டீங்கன்னா எந்த ஸ்லைடுலயும் இல்லாத பதில் வரும். பதில் வரலன்னா அதுவும் ஒரு தகவல்தான்.

மழைக்காலம்:
கடைசிபெஞ்ச் சொல்றத ஏத்துக்கிறேன், ஆனா ஒரு எச்சரிக்கை. இன்ஃபோ செஷன நடத்துறது அட்மிஷன் டீம், அங்க வந்து பேசுற பழைய மாணவர்களையும் அவங்கதான் தேர்ந்தெடுக்குறாங்க, நல்லா செட்டிலானவங்களத்தான் கூப்பிடுவாங்க. எங்க பேட்ச்ல வேலை கிடைக்காம ஆறு மாசம் தவிச்சவங்க யாரையும் எந்த செஷனுக்கும் கூப்பிட்டதே இல்ல. அதனால செஷன ஆரம்பமா மட்டும் வச்சுக்கோங்க, அங்க பாத்த ரெண்டு பேர்கிட்ட லிங்க்ட்இன்ல தனியா பேசுங்க, ஸ்டூடண்ட் கிளப் நடத்துற கூட்டம் இருந்தா அதுக்குப் போங்க, அங்க பேச்சே வேற மாதிரி இருக்கும்.

முடிஞ்சா ஒரு கிளாஸ்லயும் உக்காந்து பாருங்க, நிறைய ஸ்கூல்ல அனுமதி உண்டு. நான் கேஸ் மெத்தட் ஸ்கூல் ஒண்ணுக்குப் போனேன், அதாவது ஒரு கம்பெனிக்கு வந்த பிரச்சினைய கேஸா எடுத்து வச்சு, விவாதிச்சே படிக்கிற முறை. லாட வடிவத்துல அடுக்கடுக்கா சீட்டு, தொண்ணூறு பேர் பக்கம், எல்லார் முன்னாடியும் பெரிய எழுத்துல பேர் அட்டை. ப்ரொஃபசர் கேள்விய முடிக்கிறதுக்குள்ள முப்பது கை மேல போகுது. எம்பது நிமிஷமும் அவர் பாடம்னு ஒண்ணும் நடத்தல, மாணவங்கதான் ஒருத்தர ஒருத்தர் மறுத்துப் பேசிக்கிட்டே இருந்தாங்க. ஹார்வர்ட் இந்த முறைக்குப் பேர்போனது, ரெண்டு வருஷத்துல 500 கேஸுக்கு மேல படிப்பாங்க, கிளாஸ்ல பேசுறதுக்கே மார்க்ல பெரிய பங்கு. நான் யோசிச்சு நிதானமா பேசுற ஆள், கை தூக்குறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிருக்கும். எனக்கு இது சரிப்படாதுன்னு அந்த சீட்ல உக்காந்தப்பத்தான் தெரிஞ்சுது. என் ஃப்ரெண்டுக்கு அதே கிளாஸ்தான் உயிரு, அங்கதான் படிக்கணும்னு நின்னா. இதுக்கு நேர் எதிரா சிகாகோ பூத் மாதிரி இடமும் இருக்கு, அங்க எல்லாரும் கட்டாயமா எடுக்கவேண்டியது லீட்னு ஒரே ஒரு கோர்ஸ்தான், மத்தத நாமளே பாத்து அமைச்சுக்கணும். ரெண்டும் நல்ல ஸ்கூல்தான், ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது.

ரவுண்டுடூ:
யாரும் தேதியப் பத்தி சொல்லலையே. ரெண்டு வருஷ கோர்ஸ்கள்ல பெரும்பாலும் அப்ளிகேஷன் வாங்குற முதல் ரவுண்டு செப்டம்பர் வாக்குல, ரெண்டாவது ஜனவரி தொடக்கத்துல மூடிடும். செஷனுக்கெல்லாம் ஜூன்ல இருந்து ஆகஸ்டுக்குள்ள போய்ட்டு வந்தாத்தான் எஸ்ஸே எழுத நேரம் இருக்கும். நான் டிசம்பர்ல போய்க் கேட்டேன், ஸ்காலர்ஷிப் பணத்துல பெரும்பகுதிய முதல் ரவுண்டுலயே குடுத்தாச்சுன்னாங்க, ரொம்ப வேதனையா இருந்துச்சு, எல்லா ஸ்கூல்லயும் அப்படின்னு சொல்ல மாட்டேன். எந்த ரவுண்டுல எவ்வளவு மிச்சம் இருக்கும், ஸ்காலர்ஷிப்புக்குத் தனி அப்ளிகேஷனா, ஜாமீன் கையெழுத்து இல்லாத லோனுக்கு வழி உண்டா, இதெல்லாம் கூச்சப்படாம கேளுங்க. சில ஸ்கூல்ல செஷனுக்கு வந்தவங்களுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ தள்ளுபடி பண்றாங்க, விசாரிச்சுப் பாருங்க.

ஜிமேட் ஸ்கோரப் பத்தியும் கேளுங்க. 2023 நவம்பர்ல புது ஜிமேட் வந்ததுல இருந்து ஸ்கோர் 205ல இருந்து 805 வரை, பழைய 700க்கு இணையானது புதுசுல ஏறக்குறைய 645. யாராவது சராசரி 720ன்னு சொன்னா அது பழைய ஸ்கோரா புது ஸ்கோரான்னு தெரிஞ்சுக்காம மனசு உடைஞ்சுடாதீங்க.

நீலக்குயில்:
645 சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணா, ரெண்டு மாசமா அத நினைச்சுத்தான் தூக்கம் இல்லாம இருந்தேன், என் ஸ்கோர் 655. பழைய கணக்கோட ஒப்பிட்டுக் குறைவுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

சனிக்கிழமை ஒரு செஷன்ல உக்காந்தேன், ரெண்டு வருஷ கோர்ஸ். டெஸ்டிங்ல இருந்து வந்தவங்க எத்தனை பேர்னு சாட்ல போட்டேன். ஆபீசர் நேரடியா பதில் சொல்லல, ஆனா ரெண்டாம் வருஷப் பொண்ணு ஒருத்தி நானும் டெஸ்டிங்தான்னு சாட்லயே எழுதுனா. முடிஞ்சதும் இருவது நிமிஷம் பேசுனோம். ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு மாற அவளுக்கு முதல் செமஸ்டர்லயே எத்தனை இன்டர்வியூல தோத்துச்சு, எந்த சீனியர் உக்காந்து தயார் பண்ணிவிட்டாருன்னு ஒண்ணொண்ணா சொன்னா, நான் நோட்டு ரெண்டு பக்கம் எழுதிட்டேன். என் நாலு ஸ்கூல்ல இது மூணாவதா இருந்துச்சு, இப்ப மேல வந்துடுச்சு. மழைக்காலம் அக்கா சொன்ன மாதிரி அவளும் அவங்க கூப்பிட்ட ஆளுதான்னு ஞாபகம் வச்சிருக்கேன், அதனால அதே பேட்ச்ல வேற ரெண்டு பேருக்கு மெசேஜ் அனுப்பிருக்கேன், ஒருத்தர் பதில் போட்டாச்சு. வியாழக்கிழமை ஒரு வருஷ கோர்ஸ் செஷன், அங்க இன்டர்ன்ஷிப் கேள்வியத்தான் முதல்ல கேக்கப்போறேன்.

கடைசிபெஞ்ச்:
655ஆ, அருமைமா. செஷன் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே எழுதி வச்சுடுங்க, நாலு ஸ்கூல் ஆனதும் யார் எதைச் சொன்னாங்கன்னு கலந்துடும். நாலு இடத்துலயும் ஒரே கேள்வியக் கேளுங்க, அப்பத்தான் பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். வியாழக்கிழமை என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கணும்.